மிஸ், வயிறு வலிக்குது!

காலை 11:20. இன்டர்வெல் மணி அடித்து ஓய்ந்து, பிள்ளைகள் வகுப்புக்குள் அடங்கியாயிற்று. ரெண்டாப்பில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை எழும்புகிறது.

"மிஸ், வயிறு வலிக்குது."

நேற்றும் இதே நேரம்தான். முந்தாநாளும். டெல்டா பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் இருக்கும் உதவிபெறும் தொடக்கப்பள்ளி அது. வகுப்பாசிரியைக்கு முதலில் சந்தேகம் காலைச் சிற்றுண்டியின் மேல். உப்புமா ஒத்துக்கொள்ளவில்லையோ? மற்ற முப்பது பேருக்கும் ஒத்துக்கொள்கிறதே! அடுத்த சந்தேகம் பையன்மேலேயே. "மூணாவது பீரியட் கணக்கு சார். வாய்ப்பாடு ஒப்பிக்கணும். அதுக்குத்தான் இந்த நாடகம்." அம்மா ஓமவாட்டர் கொடுத்துப் பார்த்தார். அரசு மருத்துவமனையில் பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆத்தா ஒருத்தி தொக்கம் எடுத்தாள். மறுநாள் 11:20-க்கு மறுபடி கை எழும்பியது.

அதற்குப் பிறகுதான் பையன் 'மணல் மிஸ்'ஸிடம் வந்து சேர்ந்தான்.

மணல் மிஸ் அந்தப் பள்ளியின் ஆலோசகர். முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து சம்பளம் கொடுக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் வருவார். ஒரு தொடக்கப்பள்ளிக்கு ஆலோசகர் எதற்கு, ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படி என்ன ஆலோசனை வேண்டிக்கிடக்கிறது என்ற கேள்வியோடுதான் நானும் போனேன். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் இதே கேள்விதான் இருக்கும்.

'கவுன்சலிங்கா? மே மாசமே முடிஞ்சுதே!'

இந்தக் கட்டுரைக்காக ஒரு தலைமையாசிரியரைத் தொலைபேசியில் பிடித்து, "உங்க பள்ளியில கவுன்சலிங் உண்டா சார்?" என்று கேட்டேன். "மே மாசமே முடிஞ்சுது. கேட்ட ஊர் கிடைக்கல" என்றார். அவர் இடமாறுதல் கலந்தாய்வைச் சொல்கிறார். தப்பு அவர்மேல் இல்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. பிளஸ் டூ முடித்த வீட்டில் அது பொறியியல் சேர்க்கை. மகளிர் காவல் நிலையத்தில் அது புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து. சில தனியார் பள்ளிகளிலோ அது தண்டனை: "ஓவரா பேசுற, கவுன்சலிங்குக்குப் போ!"

'ஆலோசகர்' என்று தமிழ்ப்படுத்தினால் மட்டும் சரியாகிவிடுகிறதா? ஆலோசனை கேட்டு வருகிறவனுக்குத்தான் ஆலோசகர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆலோசனை கேட்டு வருவதில்லை. அது வயிற்றுவலியோடு வரும். பக்கத்தில் இருப்பவனைக் கடித்துவிட்டு வரும். படுக்கையை நனைக்கும், பென்சிலை மெல்லும். அல்லது ஒன்றுமே செய்யாமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இந்தக் கடைசி வகைதான் யார் கண்ணிலும் படாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறது.

மணல் மிஸ்ஸின் அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முதல் வருடம் 'ஆலோசனை மையம்' என்று ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். மறுநாளே ஒரு தாய் வாசலில் நின்றுவிட்டார். "எம்புள்ளைக்கு என்ன, பைத்தியமா புடிச்சிருக்கு?" அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றிவிட்டார்களாம். இப்போது அது வாளி வைக்கும் மூலையில் கிடக்கிறது.

ஒரு தட்டு மணல்

அறை, முன்பு விளையாட்டுச் சாமான் போட்டுவைத்த இடம். பத்துக்குப் பத்துகூட இருக்காது. கோரைப்பாய், குட்டை மேசை, கிரேயான் டப்பா. ஒரு கூடையில் மரச் சொப்பு, பிளாஸ்டிக் மாடு, டைனோசர், சக்கரம் போன லாரி, கை ஒடிந்த பொம்மைப் போலீஸ். நடுவில் நீல வண்ணம் அடித்த பெரிய தகரத் தட்டு நிறைய, சலித்த மணல். பெயர்க்காரணம் அதுதான்.

இந்த மணல் தட்டு வந்த வழி சுவாரசியமானது. எச்.ஜி.வெல்ஸை நாம் அறிவியல் புனைகதைக்காரராகத்தான் அறிவோம். தன் இரண்டு மகன்களோடு தரையில் உட்கார்ந்து தீவும் ஊரும் கட்டி விளையாடியதை வைத்து 1911-ல் அவர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதைப் படித்திருந்த மார்கரெட் லோவன்ஃபெல்டு என்ற குழந்தை மருத்துவர், 1920-களின் இறுதியில் லண்டனில் தன் சிகிச்சையகத்தில் ஒரு பெட்டி நிறையக் குட்டிப் பொம்மைகளை வைத்தார். பக்கத்தில் மணல் தட்டும் வைத்தார். பிள்ளைகள் தாமாகவே பொம்மைகளை எடுத்து மணலுக்குள் தங்கள் உலகத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். வாயால் சொல்லத் தெரியாததைக் கையால் சொல்லலாம் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகளே.

"ஆனா மணலைப் பாத்துக் குறி சொல்ல முடியாது சார்" என்று மிஸ் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "டைனோசர் அம்மா பொம்மையைத் தின்னுட்டா, வீட்ல அம்மாவுக்கும் இவனுக்கும் ஆகலைன்னு அர்த்தம் இல்ல. டைனோசருக்குப் பசி, அவ்வளவுதான்னுகூட இருக்கலாம். விளையாடுறப்போ புள்ளைங்க பேசும். நாம குறுக்க பேசாம இருக்கணும். அது ஒண்ணுதான் கஷ்டம்."

வயிற்றுவலிக்காரன் இரண்டு வாரம் அந்த அறைக்கு வந்தான். லாரியில் மணல் அள்ளினான், கொட்டினான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை. அவன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சொன்ன பேச்சு கேட்காதவன்

மணல் மிஸ்ஸின் வேலையில் பாதிகூட அந்த அறைக்குள் நடப்பதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பின்னால் நின்று பார்க்கிறார். யார் வரிசையில் ஒட்டாமல் நிற்கிறார்கள், யார் கேட்டைத் தாண்டும்போது அப்பாவின் சட்டையை விட மறுக்கிறார்கள், மதியம் யார் தட்டோடு தனியாகப் போய் உட்காருகிறார்கள் என்றெல்லாம் ஒரு நீள நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார்.

அந்த நோட்டில் ஒரு மூணாப்புப் பையன். வகுப்பில் அவனைப் பற்றி ஒரே புகார்: "சொன்ன பேச்சு கேக்கவே மாட்டான்." கூப்பிட்டால் திரும்பமாட்டான், டிக்டேஷனில் பாதி வார்த்தை இருக்காது. வீட்டிலும் இதே புகார், இதே அடி. மிஸ் கவனித்தது ஒன்றுதான். யார் பேசினாலும் அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்து வலதுகாதைக் கொடுத்தான். 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத்திட்டத்தில் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வரும். அந்தக் குழுவிடம் சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பினார். இடதுகாதில் பழைய சீழ். வலதிலும் கேள்திறன் குறைவு. ஆசிரியர் சொன்னது அட்சரசுத்தமான உண்மை. பையனுக்குச் சொன்ன பேச்சு கேட்கத்தான் இல்லை!

இதில் ஆலோசனை எங்கே வந்தது? வரவே இல்லை. காது மருத்துவர் பார்த்தார், ஆசிரியர் அவனை முன்வரிசைக்கு மாற்றினார், அப்பா கையை ஓங்குவதை நிறுத்தினார். ஆலோசகர் செய்தது மூன்று பேரையும் ஒரே விஷயத்தைப் பார்க்க வைத்தது. தொடக்கப்பள்ளியில் இந்த வேலையின் பெரும்பகுதி பெரியவர்களோடுதான். எட்டு வயதுப் பிள்ளை தன் வீட்டையோ வகுப்பையோ மாற்றிக்கொள்ள முடியாதே.

பெரியவர்களோடு பேச ஒரு மொழி வேண்டும். 'டிப்ரஷன்', 'ஆங்ஸைட்டி' என்றால் வீட்டில் கதவு சாத்திவிடுகிறார்கள். மிஸ் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார், அது நம் பாட்டிகளிடமிருந்து எடுத்தது. நாலாப்புச் சிறுமி ஒருத்தி மற்றவர்களின் ரப்பர், ஷார்ப்பனர், ரிப்பன் எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் சேர்த்து வைத்தாள். வகுப்பில் 'திருடி' என்று பெயர் விழுந்துவிட்டது. அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் ஏழு மாதம். வளர்ப்பது பாட்டி. பாட்டியிடம் மிஸ் கேட்ட கேள்வி: "புள்ளை ஏங்கிப் போச்சோ ஆத்தா?" பாட்டி அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாராம். தாய் தள்ளியிருந்தாலோ, மடியில் அடுத்த குழந்தை வந்துவிட்டாலோ பிள்ளை 'ஏங்கிப் போகும்' என்பதும், ஏக்கத்தால் உடம்பு இளைக்கும் என்பதும் எந்தப் பாடப்புத்தகமும் வராத காலத்திலேயே நம் வீடுகளுக்குத் தெரியும். தெரிந்ததை நினைவுபடுத்த ஒரு ஆள் தேவைப்படுகிறது. வாரம் இரண்டு நாள் அம்மாவோடு வீடியோ காலுக்கு நேரம் ஒதுக்கினார்கள். ரப்பர்கள் திரும்பி வந்தன. ரிப்பன் மட்டும் வரவில்லை. மிஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எனக்கும் ஒரு வயிற்றுவலி இருந்தது. மூன்றாம் வகுப்பில், ஒரு மாதம் முழுக்க. எனக்கு இடதுகைப் பழக்கம். அந்த வருட ஆசிரியருக்கு இடதுகையில் பென்சிலைப் பார்த்தால் ஆகாது. ஸ்கேலின் விளிம்பால் விரல்முட்டியில் தட்டுவார். வீட்டில் கஷாயம், வேப்பிலை, ஒரு வெள்ளிக்கிழமை மந்திரிப்பு. யாரும் என் விரலைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. அவர் நல்ல ஆசிரியர் என்றே ஊரில் பெயர், கணக்கை அவரைப்போல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பதும் உண்மை. இன்றும் நான் வலதுகையால்தான் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாக. பல் துலக்குவது இடதுகையால். உடலைத் தண்டிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்யும் 17-வது பிரிவோடு கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. என் விரல்முட்டிக்குக் கொஞ்சம் தாமதமாக.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் மனசு

நம் நாட்டு விதிகளைப் படித்தால், பிள்ளைக்கு மனசு என்ற ஒன்று ஒன்பதாம் வகுப்பில்தான் முளைக்கிறதோ என்று தோன்றும். முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று சொல்லும் சிபிஎஸ்இ இணைப்பு விதி, உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளைத்தான் கணக்கில் கொண்டது. 9 முதல் 12 வரை 300 பேருக்குக் குறைவாக இருந்தால் பகுதிநேர ஆள் போதும் என்று அதில் சலுகையும் வைத்தார்கள். செய்தித்தாளில் ஆலோசகர் என்ற சொல் வருவது பொதுத்தேர்வு முடிவு வரும் வாரத்தில், உதவி எண்களோடு.

இதற்கு ஒரு பிறவிக் காரணம் உண்டு. அமெரிக்காவில் இந்தத் தொழில் பிறந்ததே வேலைவழிகாட்டலாகத்தான். 1907-ல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸில் ஜெஸ்ஸி டேவிஸ் என்ற தலைமையாசிரியர் ஆங்கில வகுப்பிலேயே வாரம் ஒரு பாடம் இதற்கென ஒதுக்கச் சொன்னார். மறுவருடம் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ், இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவும் அலுவலகம் திறந்தார். பிறகு 1957-ல் சோவியத் யூனியனின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் அமெரிக்காவுக்குத் தூக்கம் போயிற்று. விஞ்ஞானிகளாகக்கூடிய மாணவர்களைக் கண்டுபிடிக்க 1958-ல் சட்டம் போட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஆலோசகர்களை உருவாக்கப் பணம் ஒதுக்கினார்கள். அந்தப் பணம் தொடக்கப்பள்ளியின் பக்கம் திரும்ப 1964-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இன்று அந்நாட்டுப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைப்பது 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர். பணக்கார நாட்டிலேயே பல மாநிலங்களில் அது இன்னும் எட்டாக்கனிதான்.

நமக்கும் அப்போதே சொல்லப்பட்டது. 1964 முதல் 66 வரை இயங்கிய கோத்தாரி குழு, வழிகாட்டல் தொடக்கப்பள்ளியின் ஆகக் கீழ் வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்று எழுதிவைத்தது. எழுதியது எழுதியபடியே இருக்கிறது.

இப்போது உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன 17 வயது மாணவியின் மரண வழக்கில், 2025 ஜூலையில் வந்த தீர்ப்பு அது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். படிக்க நிறைவாக இருக்கிறது. ஆனால் நம் கிராமத்து அரசுத் தொடக்கப்பள்ளியில் நூறு பேர் எங்கே இருக்கிறார்கள்? அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அவர்களில் ஒருவர் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார். 'நாங்க பாக்காத புள்ளைங்களா?' என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பார்த்தவர்கள்தான். பார்க்க இப்போது நேரம் இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது. 1996-ல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட, பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி மாட்டப்பட்டிருக்கிறது, நல்ல பெயர். நான் பார்த்த ஒரு பள்ளியில் அந்தப் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில், என் தோள் உயரத்தில் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத வராது. வந்தாலும் கை எட்டாது.

'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சொல்லக்கூடாது

மணல் மிஸ் சிரிக்காமல் பேசிய ஒரே விஷயம் இது. பிள்ளை ரகசியம் சொல்ல வரும்போது பெரியவர்கள் அவசரப்பட்டுக் கொடுக்கும் வாக்கு, 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.' ஆலோசகர் அதைக் கொடுக்க முடியாது. "நீ சொல்றதை எனக்குள்ளயே வச்சுக்குவேன். ஆனா உன்னை யாராவது நோகடிக்கிறாங்கன்னு தெரிஞ்சா, உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்.

2012-ன் போக்சோ சட்டம் இதில் மறைக்க இடமே வைக்கவில்லை. குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால், காவல்துறைக்குத் தெரிவிப்பது 19-வது பிரிவின்படி கட்டாயம். தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. 'ஸ்கூல் பேரு கெட்டுடும்' என்று பேசி முடிக்கப் பார்ப்பது வெறும் கோழைத்தனம் மட்டும் அல்ல, குற்றம். இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. விசாரணை செய்வது ஆலோசகரின் வேலை இல்லை. நாலு பேர் நாலு தடவை கேட்டால் பிள்ளை நாலு விதமாகச் சொல்லும், அல்லது வாயை மூடிக்கொள்ளும். ஒரு முறை, குறுக்கிடாமல், அது சொன்ன சொல்லிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வரும்போது அவர்கள் சீருடையில் வரக்கூடாது என்றுகூடச் சட்டம் சொல்கிறது. பிள்ளை இருக்கும் இடத்துக்கே வர வேண்டும்.

"புள்ளை சொல்றது ஒரு தடவைதான் சார். அதுவும் யாராவது சும்மா பக்கத்துல உக்காந்திருக்கிறப்போ, வேற எதையோ பேசிக்கிட்டே சொல்லும்." இதனால்தான், எப்போதாவது வேனில் வந்து, மைதானத்தில் இருநூறு பேரை உட்காரவைத்து 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' வகுப்பு எடுத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. வகுப்பு நல்லதுதான். அதைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை அடுத்த வியாழக்கிழமை வாயைத் திறக்க நினைக்கும்போது வேன் எங்கே இருக்கும்?

ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் ஓர் ஆலோசகர் என்பது நடக்காத காரியம், அதைக் கேட்கவும் போவதில்லை. ஆனால் நம்மிடம் குறுவள மையம் என்ற அமைப்பு இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஏற்கெனவே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மையத்துக்கு ஒருவர். நாளைக்கு இரண்டு பள்ளி, வாரத்துக்குப் பத்து. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பள்ளிக்கும் அவர் போகும் கிழமை மாறக்கூடாது. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, ஆண்டுவிழாத் தொகுப்புரை எதற்கும் அவரை இழுக்கக்கூடாது. தனியார் பள்ளிகளில் ஆலோசகர்கள் வராத ஆசிரியரின் பீரியடை ஓட்டுவதிலும் சேர்க்கை நேர்காணலிலுமே தேய்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

தாழ்ப்பாள்

வயிற்றுவலிக்காரனுக்கு வருகிறேன். மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது மிஸ் ஒன்றைக் கவனித்தார். அவனுடைய தண்ணீர் பாட்டில் விளிம்பு வரை நிறைந்திருந்தது. காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்தபடியே. மே மாதத்துக்குப் பக்கத்து வெயிலில், காலை முதல் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் இன்டர்வெல்லில் மிஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்தார். எல்லாப் பையன்களும் கழிப்பறைப் பக்கம் ஓடினார்கள். இவன் வேப்பமரத்தடியில் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். உள்ளே போய்ப் பார்த்தால், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆணி பிய்ந்து போன ஓட்டை மட்டும். ரெண்டு மாதம் முன்பு அவன் உள்ளே இருந்தபோது அஞ்சாப்புப் பையன்கள் கதவை உதைத்துத் திறந்து சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவன் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை, கழிப்பறைக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து அடக்கிக்கொண்டு வருவது, எல்லோரும் போய்விட்டு வரும் 11 மணிக்கு மேல் தாங்கமுடியாமல் போகிறது.

தாழ்ப்பாள் நாற்பத்தைந்து ரூபாய். திருகாணி தனி. மிஸ்ஸின் நீள நோட்டில் அந்தக் கணக்கும் பென்சிலால் எழுதியிருந்தது. அஞ்சாப்புப் பையன்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே அதைப் பொருத்த வைத்திருக்கிறார்.

நான் போன அன்று அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதைக் காட்டினான். உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டு, "தள்ளுங்க சார்" என்றான். தள்ளினேன். கதவு அசையவில்லை. "நல்லாத் தள்ளுங்க!" தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

பிறகு கதவைத் திறந்து வெளியே வந்து, என்னைப் பார்த்துக் கேட்டான்: "நீங்க போகணுமா சார்? போங்க. நான் நிக்கிறேன்."